பழைய வானொலிப் பெட்டியின் மேனி

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பில்கோ நிறுவனம், மாதா கோயிலின் வளைந்த முகப்பையொத்த மேஜை வானொலிப் பெட்டிகளை விற்பனைக்குக் கொணர்ந்து, சாமானியக் குடும்பங்களின் கூடத்திலும் சங்கீதம் ஒலிக்கச் செய்தது. அக்காலத்துப் பெட்டிகளின் சௌந்தர்யமெல்லாம், சாதாரணப் பலகையின்மீது ஒட்டப்பெற்ற, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடைய வால்நட் மரத்தகட்டிலேயே அடங்கியிருந்தமையால், ஈரம் ஏறிய இடங்களில் பசை விட்டுத் தகடு கிளம்பிவிடுவது சகஜம். பெரும்பாலும் அப்பசை, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சியெடுத்த வச்சிரப்பசையே. சூட்டுக்கும் ஈரத்துக்கும் மீண்டும் இளகும் சுபாவம் அதற்கு உண்டாகையால், ஈரத்துணியை விரித்து, மிதமாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, ஓர் இரவு பாரம் ஏற்றி வைத்தால், பல சமயங்களில் புதுப்பசை இன்றியே தகடு பழையபடி அமர்ந்துவிடும்.

மெருகு மங்கியதென்று உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பதுதான் மகா அனர்த்தம். தகடு தேய்ந்து ஓட்டையாகிவிடும்; அன்றியும், 1930களின் பிற்பகுதியில் வந்த சில பெட்டிகளின் முகப்பில் தோன்றும் அபூர்வ மரத்தின் ரேகைகள் வெறும் அச்சுச் சாயலேயாதலால், தேய்த்தவுடன் அடியோடு மறைந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய பெட்டி இருப்பின், தூசியை மெல்லிய துணியால் துடையுங்கள். உட்புறம் ஒட்டியுள்ள காகிதச் சீட்டைக் கிழியாமல் காப்பாற்றுங்கள்.