மாரிப் பூக்களைத் தேடி

இளவேனிலிலே காட்டுப்பூத் தேடிச் சிறுவருடன் உலாவப் போதல் பனிநாட்டார் வழக்கம். நம் யாழ்ப்பாணத்துக் குறும்பூக்களோ மழைக்கே விழிப்பவை. ஐப்பசி மழையோடு தளிர்த்தெழுந்து, கார்த்திகை தொடங்கி வேலியோரங்களிலும் தரவைகளிலும் அவை பூத்துக் கிடக்கும். காணச் செல்வோர் காலையிலேயே புறப்படுதல் நன்று. நீலநிற விட்டுணுகிராந்தி பிற்பகலில் இதழ் குவித்துவிடும்.

தும்பையைப் பிள்ளைகள் எளிதில் அறிவர். காந்தளே நம்மைத் தலைகுனியச் செய்தது. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய 99 பூக்களின் நிரையில் முதலில் நிற்பது அது. அந்நிரையைப் பிழையின்றி ஒப்புவித்த நம் மாணாக்கன் ஒருவன், வேலியிலே பூத்திருந்த கார்த்திகைப்பூவே காந்தள் என்பதை அறியாது நின்றான். குற்றம் அவனதன்று, பூவைக் காட்டாது பெயரை மட்டும் படிப்பித்த நம்முடையதே.

காந்தளுக்கு இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும். ஆறு இதழ்களும் பின்மடிந்து மேனோக்கி நிற்கும். அவை முதலிற் பசுமை, பின்னர் மஞ்சள், முடிவிற் செம்மை என நிறம் மாறுதலின், ஒரே கொடியிற் பல நிறப் பூக்களைக் காணலாம். கலப்பைபோல் வளைந்த அதன் கிழங்கைக் கலப்பைக்கிழங்கு என்பர். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கிலே மிகுதி. கொல்சிசின் எனப்படும் அந்நஞ்சு அவித்தாலும் நீங்காது. வற்றாளங்கிழங்கென மயங்கி அதனை உண்டு மாண்டோர் இலங்கையில் உளர்.

ஆதலின் நம்முடன் வருஞ் சிறுவருக்குக் கொப்பியும் பென்சிலும் கொடுப்போம். தோண்டுங் கருவி எதனையுங் கொடுப்பதில்லை.