தங்கவயல் வரலாறு: சுரங்கம் மூடிய பின்

சென்ற வாரம், 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்த வரலாற்றைக் கண்டோம். இனி ஒரு நூற்றாண்டு தாண்டி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதிக்கு வருவோம். சுரங்கங்கள் மூடப்பட்ட அன்று, பாட்டன் காலத்திலிருந்து அதே வேலையை நம்பி, நாற்பத்தைந்து வயதையும் ஐம்பதையும் தொட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் ஜீவனம் என்னவாயிற்று என்பதே இந்த வாரத்து விஷயம்.

மூடியதற்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், பிற்காலத்தில் சில கிராமாகக் குன்றிவிட்டது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆழத்துப் பாறையின் அனலைத் தணிக்கவும், காற்றை இறக்கவும், நீரை ஏற்றவும் ஆகும் செலவு, எடுக்கும் பொன்னின் மதிப்பை விஞ்சிற்று.

ஆனால் அந்த ஆழத்தில் வேலை செய்தவர்களின் வித்தையைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. வெடி வைத்துப் புகை அடங்கிய பின் உள்ளே நுழைகிறவன், முதலில் கடப்பாரையால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டிப் பார்ப்பான். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாக இருக்கிறது. மந்தமாக, பொள்ளலாக ஒலித்தால் உள்ளே பிளவு விட்டிருக்கிறது. அதை இடித்துத் தள்ளிய பின்னரே அவன் அடுத்த அடி வைப்பான். தங்கவயலின் பாறை, மேலுள்ள பாரத்தைத் தாங்கமாட்டாமல் திடீரென வெடித்துச் சிதறும் இயல்புடையது. 'ராக் பர்ஸ்ட்' என்ற சொல்லை அறியாத குடும்பம் அங்கே இல்லை. ஆகவே, வெட்டியெடுத்த வெற்றிடத்தில் கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவர் எழுப்பித் தாங்கு கொடுப்பதும், மண்டையில் கட்டிய விளக்கின் சிறு வெளிச்சத்தில் ரேகை ஓடும் திசையை அறிவதும் இருபது வருஷப் பழக்கத்தாலன்றிக் கைவராத திறமைகளாக இருந்தன. 1965-இல் சாம்பியன் ரீப்ஸின் ஹீத்கோட் ஷாப்டில், பூமிக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்களே, அந்தப் பாதாளமும் இம்மனிதர்கள் குடைந்ததுதான்.

இத்தகைய அநுபவத்தைச் சுமந்துகொண்டு வெளியே வந்தவர்கள் எங்கே போய் நின்றார்கள்? மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விடியுமுன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியே பெங்களூர் செல்லும் ரயிலில் ஏறினார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போய், அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி உடுப்பணிந்து நின்றார்கள். கொத்து வேலைக்குச் சென்றார்கள். இரவில் திரும்பி லைன் வீட்டில் படுத்து, மறுநாள் மீண்டும் அதே ரயிலுக்கு ஓடினார்கள். கிடைத்த வேலையை நாணயமாகச் செய்தார்கள், அதில் இழிவொன்றும் இல்லை. எனினும் ஐம்பது வயதில் புதுத் தொழில் கற்பவனுக்கு உடல் ஒத்துழைக்க வேண்டுமே! பாறைத் துகள் பல்லாண்டு படிந்து சிலிகோசிஸ் கண்ட நெஞ்சோடு மூன்று மாடி ஏறுகிறவனின் மூச்சை, அவன் மனைவி மட்டுமே அறிவாள்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் ஏற்று நடத்திய தொழில் இது. அரசே முதலாளியாக இருந்த ஓரிடத்தை மூடும்போது, இழப்பீட்டுத் தொகையோடு, 'இவருக்குப் பாறையைத் தாங்கவைக்கத் தெரியும், வெடி வைக்கத் தெரியும்' என்று ஒவ்வொருவரின் கைத்திறனையும் எழுதி, அது தேவைப்படும் இடங்களோடு அவரைச் சேர்த்துவைப்பதும் அரசின் கடமை என்பது என் உறுதியான கருத்து. அதே மாநிலத்தில், ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் தங்கச் சுரங்கம் நடந்துகொண்டே இருந்தது. பெங்களூர் நகரத்தின் அடியிலேயே மெட்ரோவுக்காகப் பாறையைக் குடைந்து 2016-இல் சுரங்கப் பாதையில் ரயிலும் ஓடத் தொடங்கிற்று. அதற்குள் 2001-இல் ஐம்பது வயதாயிருந்தவருக்கு அறுபத்தைந்து ஆகிவிட்டது.

கணவன்மாரின் சம்பளம் நின்ற அந்த மாதங்களில், அதுவரை வேலைக்கென்று ஊரைத் தாண்டாத பெண்கள் பலர் அதே ரயிலில் ஏறி, பெங்களூரின் தையல் ஆலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் சென்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)