கை வருமா?

"டாக்டர், உயிருக்கு ஒண்ணுமில்லீங்களே?" நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்த வீட்டார் கேட்டது இதைத்தான். டாக்டரும் "எழுபத்திரண்டு மணி நேரம் போகட்டுங்க" என்பதற்கு மேல் சொல்லமாட்டார். மூளையில் வீக்கம் ஏறும் கெடு அது. ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா என்று பிரித்துச் சொல்ல சி.டி. ஸ்கேன் வேண்டும், தாராபுரத்துக்காரருக்கும் காங்கயத்துக்காரருக்கும் அதற்குப் பெரும்பாலும் கோவைதான். எடுத்துத்தான் என்ன? அடைப்பைக் கரைக்கும் அல்டிபிளேஸ் பக்கவாதத்துக்குப் பலன் தரும் என்று அமெரிக்க ஆய்வு காட்டியதே 1995-ல்தான். தப்பித்தவர் வீடு திரும்புவார். அப்புறம் எண்ணெய்த் தேய்ப்பு, ஒத்தடம், புறா ரத்தம். கை வருமா, கால் வருமா என்பதற்குத் தேதி குறித்தவர் ஜோசியர்.

இன்று நிலைமை வேறு. 108 வண்டி 2008-லிருந்து ஓடுகிறது. திருப்பூருக்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் அடைப்பைக் கரைக்கும் அந்த ஊசி போடலாம். இதில் சிக்கல், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று சொல்ல ஆள் வேண்டும். பனியன் கம்பெனியில் நைட் ஷிப்டு முடிந்து அறையில் தனியாகப் படுத்த ஒடிசா பையனுக்காக யார் சொல்வது? அவனுக்குப் பேச்சு போய்விட்டதா, தமிழ்தான் வரவில்லையா என்பதே முதலில் புரியாது.

வீட்டார் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. "மறுபடி தையல் மெஷின்ல உட்காருவாருங்களா?" இதற்குப் பதில் சொல்ல நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு 2017-ல் ஒரு வழிமுறை வெளியிட்டது. அதன் முதல் படிக்கு எந்திரம் வேண்டாம். மூன்றாம் நாள் கட்டிலருகே நின்று, வாதம் வந்த கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் தூக்கச் சொல்ல வேண்டும். பிறகு மடங்கிய விரல்களை விரிக்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஐந்தைந்து மதிப்பெண். கூட்டி ஐந்தோ அதற்கு மேலோ வந்து, வயதும் 80-க்குக் கீழே இருந்தால், மூன்று மாதத்தில் கை ஏறக்குறைய பழையபடி வரும் என்று எதிர்பார்க்கலாம். ஐந்துக்குக் குறைந்தால் காந்தத் துடிப்பு கொடுத்து நரம்புப் பாதையைச் சோதிக்கும் கருவி வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் அதை எதிர்பார்க்க முடியாது. மொத்தத்தில் நாலு பேரில் மூன்று பேருக்குக் கணிப்பு சரியாக இருந்தது. ஊசி போட்டவருக்கு முதல் நாளே கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் சரியல்ல. அடைப்பு கரைந்தால் மறுநாளே விரல் அசையலாம். அன்று உயிருக்கு வைத்த அதே மூன்று நாள் கெடு, இன்று விரலுக்கு.

எனக்கு ஒப்பாதது வேறொன்று. குணமானதை அளக்க உலகமெங்கும் வைத்திருப்பது கிளாஸ்கோவின் ஜான் ராங்கின் 1957-ல் வகுத்த, பின்னால் திருத்தப்பட்ட அளவுகோல். பூஜ்யம் என்றால் குறையே இல்லை, ஆறு என்றால் மரணம். அடைப்பைக் குழாய் விட்டு எடுக்கும் ஆய்வுகள் பலவற்றில் இரண்டு வரை 'நல்ல குணம்' என்று எழுதுகிறார்கள். இரண்டு என்பதன் விளக்கம்: முன்பு செய்ததையெல்லாம் செய்ய முடியாது, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். ஓவர்லாக் டெய்லருக்கு இது குணமா? இரண்டு துணியின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, கால் பெடலை மிதிக்க, விரல் துணியை வளைத்துக் கொடுத்தால்தான் பீஸ் ரேட் கட்டும். குளிக்கிறார், சாப்பிடுகிறார், கடைக்கு நடக்கிறார். கணக்கில் அவர் வெற்றி. சனிக்கிழமை சம்பளத்தில் ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஆக்லாந்தின் கணிப்பு முறையான பயிற்சி கிடைத்தவர்களை வைத்து உருவானது. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து, வீட்டாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் லான்செட்டில் வந்த முடிவு: வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மாதத்தில் வித்தியாசம் இல்லை. மனைவியும் மகளும் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் வீட்டில் யார் நின்று கையை அசைத்துவிடுவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நல்ல காரியம்தான். ஆனால் அவர் வந்துபோகும் இடைவெளியை வைத்துக் கட்டப்பட்டதல்ல அந்த ஆக்லாந்து கணக்கு.

அப்படியிருந்தும் டிஸ்சார்ஜ் சீட்டில் கையைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதலாம். வரும் என்றால், கொஞ்ச நாளைக்குச் செக்கிங் டேபிளில் உட்கார வைக்கச் சொல்லி கம்பெனியில் கேட்கலாம். வருவது கடினம் என்றால், எண்ணெய்க்கும் வைத்தியருக்கும் வட்டிக்கு வாங்கும் முன் வீட்டார் ஒருமுறை யோசிப்பார்கள்.