இடம் ஒன்று, இயல்பு மற்றொன்று

பெண்ணின் வெளிப்புறப் பிறப்புறுப்பை மருத்துவ உலகம் வல்வா என்று வழங்குகிறது. அங்கே தோன்றும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது, தோலின் மேற்பரப்பிலுள்ள செதிள் உயிரணுக்களில் பிறப்பவை. எஞ்சிய சிறு பங்கிலும் மிக அரிதாக, திசுத் துணுக்கை உருப்பெருக்கியில் காணும் நோய்க்குறியியலாளர் அது மார்பகத்திலிருந்து எடுக்கப்பட்டதோ என்று ஐயுறும் அளவுக்கு மார்பகப் புற்றை ஒத்திருக்கும் ஒரு வகை உண்டு. பால்சுரப்பி வகை அடினோகார்சினோமா, அதாவது பால்சுரப்பியின் சாயல் கொண்ட சுரப்பித்திசுப் புற்று, என்பது அதன் பெயர்.

மார்பகத்தின் சாயல் அவ்விடத்துக்கு எப்படி வந்தது என்ற வினாவுக்கு நெடுங்காலம் ஒரே விடைதான் வழங்கிவந்தது. கருவின் உடலில் அக்குள் முதல் தொடையிடுக்கு வரை இருபுறமும் பால்கோடு என்னும் தடிப்பு ஓடுகிறது என்றும், அது மறையும்போது ஆங்காங்கே தங்கிவிடும் எச்சமே இடம் மாறிய மார்பகத் திசுவாகிறது என்றும் பாடநூல்கள் கற்பித்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டெர் புட்டே 1990களின் தொடக்கத்தில் இதை மறுத்தார். வெளியிதழுக்கும் உள்ளிதழுக்கும் இடையிலான பள்ளத்தில் பால்சுரப்பியை ஒத்த சுரப்பிகள் இயல்பாகவே அமைந்துள்ளன என்றும், அவை வழிதவறி வந்தவை அல்ல, அவ்விடத்துக்கே உரியவை என்றும் அவர் காட்டினார். இச்சுரப்பிகளில் எழும் தீங்கற்ற கட்டியான ஹைட்ரடினோமா பாப்பிலிஃபெரத்தில், மார்பகக் கட்டிகளில் அடிக்கடி காணப்படும் பிஐகே3சிஏ மரபணுவின் பிறழ்வே மீண்டும் மீண்டும் தென்படுவது, இரண்டுக்கும் உள்ள உறவு வெறும் தோற்ற ஒற்றுமை அன்று என்பதற்கு வலுவான சான்றாகும்.

மூலக்கூறு வகைப்பாடு இங்கேதான் பயன்படத் தொடங்குகிறது. உயிரணுக்களில் எந்த மரபணுக்கள் எவ்வளவு முனைப்பாக இயங்குகின்றன என்பதை அளந்து, மார்பகப் புற்று என்பது ஒரே நோயன்று, பல நோய்களின் தொகுதி என்று 2000ஆம் ஆண்டில் பெரூவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. பால்நாளத்தின் உட்புறத்தை மூடியுள்ள உயிரணுக்களை ஒத்த லூமினல் வகை, ஹெர்2 என்னும் வளர்ச்சி ஏற்பி மிகுந்த வகை, அடித்தள உயிரணுக்களை ஒத்த வகை என்பன அவற்றுள் முதன்மையானவை. மரபணு அளவீடு செலவு மிக்கது என்பதால், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் ஏற்பிகளையும், ஹெர்2 புரதத்தையும், உயிரணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 குறியையும் திசுவில் சாயமேற்றிப் பார்த்து, அவற்றைக் கொண்டே வகையை உய்த்துணர்வது மருத்துவமனை வழக்கம்.

அதே அளவுகோலை வல்வாவின் கட்டிகளில் வைத்துப் பார்த்தபோது, இதுவரை பதிவான நேர்வுகளில் பெரும்பாலானவை இயக்குநீர் ஏற்பிகளைக் கொண்டிருந்தன. சிலவற்றில் ஹெர்2 மிகுந்திருந்தது. மூன்றுமே இல்லாதவை சொற்பம். ஆயினும் இந்த அளவுகோல் முழுக்க முழுக்க மார்பக நோயாளிகளைக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. கேஐ-67இன் எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்பதில் மார்பக மருத்துவர்களிடையேயே கருத்து வேறுபாடு நீடிக்கும்போது, அதே எண்ணை வேறோர் உறுப்புக்கு அப்படியே பொருத்துவது கடன் வாங்கிய முழக்கோலால் அளப்பதற்கு ஒப்பாகும். வேறு கோல் இல்லாதபோது அதுவும் தவறன்று.

இந்த வகைப்பாட்டால் விடை சொல்ல முடியாத கேள்வியும் ஒன்று உண்டு. மார்பகத்தில் தொடங்கிய புற்று அரிதாக வல்வாவுக்குப் பரவக்கூடும் என்பதால், ஏற்பிகளோ, ஜிஏடிஏ3 என்னும் புரதக் குறியோ கட்டியின் இயல்பைக் காட்டுமே ஒழிய, அது பிறந்த இடத்தை உறுதிசெய்யா. ஆகவே மேமோகிராம் முதலிய பரிசோதனைகளால் மார்பகத்தில் நோயில்லை என்று தெளிவதும், கட்டியை ஒட்டி இயல்பான பால்சுரப்பி ஒத்த சுரப்பியோ, இன்னும் சுவர் தாண்டாத தொடக்கநிலைப் புற்றோ இருக்கிறதா என்று தேடுவதும் இன்றியமையாதவை. இத்தேடலில் பழைய உருப்பெருக்கியே இன்றும் துணை.

நோயாளிகள் மிகச் சிலரே என்பதால் இந்நோய்க்கென்று பெரிய மருத்துவச் சோதனை நடத்துதல் இயலாது. தனித்தனி நேர்வுக் குறிப்புகளே வழிகாட்டிகள். நடைமுறையில், அறுவை மருத்துவர் இடத்தைப் பின்பற்றிக் கட்டியைச் சுற்றியுள்ள திசுவோடு அகற்றி, அக்குளில் அன்றித் தொடையிடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்களை ஆராய்கிறார். மருந்து தருபவரோ இயல்பைப் பின்பற்றி, இயக்குநீர் ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளையும், ஹெர்2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசியையும் மார்பகப் புற்றுக்கான நெறிகளிலிருந்து எடுத்தாள்கிறார்.