கொரியச் சோறும் தோட்டத்துக் கீரையும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்தும் இரப்பர் பால் வெட்டியும் ஜீவிக்கின்ற நம்மவர்க்குக் கொரியா தேசம் இன்று முன்போல அந்நியமானதன்று. மன்னர் ஜுங்ஜோங்கின் காலத்து மருத்துவப் பெண்மணியாகிய ஜாங்கும் என்பவரை அரண்மனை மடைப்பள்ளியில் வளர்ந்தவராகக் கற்பனை செய்த கொரியத் தொடர் ஒன்று, 'சுஜாத தியணி' என்ற பெயரில் ரூபவாஹினியில் ஒளிபரப்பாகி, லயத்து வீடுகளிலும் அந்நாட்டுச் சமையலைப் பற்றிய ஆவலை எழுப்பிற்று. 2004-ஆம் ஆண்டில் தென்கொரியா அயல்நாட்டுத் தொழிலாளர்க்கான அனுமதி முறையைத் தொடங்கியபோது முதலில் ஒப்பந்தம் செய்துகொண்ட ஆறு நாடுகளுள் இலங்கையும் ஒன்றாக இருந்தமையால், கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கின்ற இளைஞர்களும் நாட்டில் பெருகினார்கள். அந்தத் தேசத்தின் பதார்த்தங்களுள் நம் அடுப்புக்கு மிகவும் இசைவானது எது என்று கேட்டால், 'பிபிம்பாப்' என்னும் சோற்றுக் கிண்ணமே என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

சூடான வெள்ளைச் சோற்றின்மீது ஐந்தாறு வகைக் காய்கீரைகளைத் தனித்தனியே பக்குவம் செய்து நிறம் நிறமாக அடுக்கி, நடுவில் ஒரு முட்டையையும் ஓரத்தில் சிவந்த மிளகாய் விழுதையும் வைத்து, உண்பவர் தம் கையாலேயே அனைத்தையும் ஒன்றாகக் கலந்து உண்பது இதன் முறை. இதன் பிறப்பைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. வயலில் கூடி வேலை செய்த குடியானவர்கள் வீட்டுக்கு வீடு கொண்டுவந்ததை ஒரே பாத்திரத்தில் சேர்த்து உண்டார்கள் என்பது ஒன்று. முன்னோர்க்குப் படைத்த சோற்றையும் கறிகளையும் வழிபாடு முடிந்தபின் கலந்து பகிர்ந்துகொண்டார்கள் என்பது மற்றொன்று. ஆண்டோங் நகரத்தில் இன்றைக்கும் படையற்சோற்றைப் போன்ற ஒரு கிண்ணத்தை மிளகாய் விழுது சேர்க்காமல் சோயா சாஸ் மட்டும் விட்டுக் கலந்து பரிமாறுகிறார்கள். இவ்வுணவுக்கு மிகவும் பெயர்பெற்ற ஜியோன்ஜு நகரத்தை 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தன் உணவுக்கலை நகரங்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

கொரியாவின் மலைவாசிகள் வசந்தகாலத்தில் காட்டுக்குள் சென்று பெரணியின் இளந்தளிரையும் பலவிதக் கீரைகளையும் கொய்துவந்து, அவற்றைப் பக்குவம் செய்யும் சாதாரணக் கலையையே பெருமைக்குரியதாக ஆக்கிக்கொண்டார்கள். நம் லயத்து வாசலிலும் ஓடைக்கரையிலும் வல்லாரையும் பொன்னாங்காணியும் கங்குனும் முருங்கையும் தாராளமாகக் கிடைத்தும், கீரையை ஏழையின் கறி என்று சற்றே தாழ்வாக எண்ணும் சுபாவம் நம்மிடம் படிந்துவிட்டது. அந்த எண்ணத்தை மாற்றுவதற்கு இந்தக் கிண்ணம் ஒரு நல்ல சாதனம். ஆகையினால் அதன் செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

நான்கு பேருக்கு இரண்டு கோப்பை அரிசி போதும். கொரியர்கள் உருண்டையான, ஒன்றோடொன்று ஒட்டுகின்ற அரிசியைச் சமைப்பார்கள். புழுங்கல் சம்பா உதிரியாகப் போய்விடுமாதலால், நாம் வெள்ளைப் பச்சையரிசியை எடுத்து, அரைமணி நேரம் ஊறவைத்து, கஞ்சி வடிக்காமல் தண்ணீர் முழுவதும் சுண்டும்படி சற்றே குழைவாக ஆக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது காய்கீரை. இதில் மறக்கலாகாத விதி ஒன்றே: ஒவ்வொன்றும் தனித்தனியே சமைக்கப்பட வேண்டும், எதிலும் நீர் தங்கக்கூடாது. பொன்னாங்காணியையோ கங்குனையோ உப்பிட்ட கொதிநீரில் ஒரு நிமிஷம் மாத்திரம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, கையால் இறுகப் பிழிந்து நறுக்கி, நசுக்கிய பூண்டும் உப்பும் சில துளி நல்லெண்ணெயும் சேர்த்துப் பிசறினால் கொரியர் 'நாமுல்' என்று சொல்லும் பதம் வந்துவிடும். அவர்களுடைய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுக்கப்படுவதால் அதன் வாசனை அதிகம். நாம் ஒரு கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இடித்துத் தூவிக்கொண்டால் அக்குறை பெருமளவுக்கு நீங்கும். பாசிப்பயற்றை ஓரிரவு ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்து முளை நீண்டதும் கொதிநீரில் வாட்டிக்கொள்ளலாம். கரட்டையும் போஞ்சியையும் மெல்லிய குச்சிகளாக அரிந்து வெவ்வேறாக வதக்க வேண்டும். கொரியர்கள் சேர்க்கும் மாட்டிறைச்சிக்குப் பதிலாக, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த சோயா மீட்டையோ, கழுவிப் பொரித்த நெத்தலியையோ சோயா சாஸும் பூண்டும் இட்டுப் பிரட்டினால் போதுமானது.

இந்த உணவின் ஜீவநாடி 'கோச்சுஜாங்' என்னும் மிளகாய் விழுதேயாகும். மிளகாய்ப்பொடி, பசையரிசி, நொதித்த சோயா, உப்பு ஆகியவற்றைக் கலந்து சாடிகளில் மாதக்கணக்காக முதிரவைப்பதனால் பிறக்கும் அதன் சுவையை அப்படியே நாம் வீட்டில் உண்டாக்க முடியாது. எனினும், அதன் உறைப்பையும் இனிப்பையும் உவர்ப்பையும் நெருங்கி வரலாம். விதை நீக்கி ஊறவைத்த செத்தல் மிளகாய் எட்டு, பூண்டு மூன்று பல், வெந்த கடலை இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றை அம்மியில் அரைத்து, சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டியும், நம் மாவட்டங்களின் விசேஷப் பொருளாகிய கித்துள் பாணி ஒரு மேசைக்கரண்டியும் சேர்த்து, நல்லெண்ணெயில் சிறு தீயில் கிளறி இறக்கி, ஆறியபின் தேசிக்காய்ப் புளி சிறிது விட்டால் விழுது ஆயத்தம்.

கொரியாவில் சில இடங்களில் சூடேறிய கற்சட்டியிலேயே இதைப் பரிமாறுவதுண்டு. அடிச்சோறு பொரிந்து மொறுமொறுப்பாவதை அவர்கள் மிகவும் விரும்புவார்கள். நம் இரும்புச் சட்டியில் எண்ணெய் தடவிச் சோற்றைப் பரப்பி, கிளறாமல் மெல்லிய தீயில் ஐந்தாறு நிமிஷம் வைத்தால் அந்தச் சுவையும் கிடைக்கும். அதன்மேல் காய்கீரைகளை அடுக்கி, மஞ்சட்கரு இளகியபடி பொரித்த முட்டையை வைத்துவிட்டால் கிண்ணம் பூரணமாகிறது.

ருசியோடு ஆரோக்கியமும் இதில் அடங்கியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையின் தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார். இது தேசத்தின் சராசரியைவிட மிக அதிகம். ரொட்டியும் சம்பலுமாக வேளை கழிகின்ற வீட்டில் பயறும் கீரையும் முட்டையும் ஒரே கிண்ணத்தில் சேர்வது சிறிய காரியமன்று. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு கிரகித்துக்கொள்ளத் தேசிக்காய் துணைபுரிகிறது; தேநீரோ அதைத் தடுக்கிறது. ஆதலால் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுவது நல்லது.

இத்தனை வகையையும் ஒரே நாளில் செய்ய வேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. இரண்டு கீரை, ஒரு காய், ஒரு முட்டை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம். அடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால், தாம் அடுக்கியதைத் தாமே கலந்து உண்பதில் அவர்களுக்குத் தனி உற்சாகம் உண்டாகும். அயல்நாட்டு உணவொன்றைக் கற்றுக்கொள்வதனால் நாம் அடையத்தக்க மேலான பயன், நம் வாசலில் விளைவதை மதித்துச் சமைக்கப் பழகுவதேயாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.