கிருமியின் ஏட்டைப் படிக்கும் கணினி

மழை ஓய்ந்ததும் அரநாயக்கவில் வயற்சேற்றை மிதிப்போரும் ஓடையில் இறங்குவோரும் அஞ்சும் நோய் ஒன்று உண்டு. அதுவே எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீரோடு வெளியேறும் லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியா ஈரத்திலே தங்கியிருந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலுட் புகுகின்றது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் இந்நோய் மிகுந்து காணப்படும் பகுதிகளாகும். 2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று.

இதற்குத் தடுப்பூசி இல்லையா என மாணவர் வினவுவர். உண்டு, ஆயின் அது போதாது. கிருமியைக் கொன்று அதனையே மருந்தாக்குவது பழைய முறை. கியூபா, சீனா முதலிய நாடுகள் அத்தகைய ஊசியை வழங்கியுள்ளன. ஆனால் இக்கிருமியோ 250க்கும் மேற்பட்ட வேடங்கள் பூண்டது. ஒரு வேடத்துக்கெனச் செய்த மருந்து மற்றொன்றைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. அவ்வாறாயின், எல்லா வேடங்களுக்கும் பொதுவான அடையாளம் யாது? அதனைத் தேடவே கணினி துணைக்கு வந்தது.

2003இல் சீன விஞ்ஞானிகளும் 2004இல் பிரேசில் விஞ்ஞானிகளும் இக்கிருமியின் மரபுத்தொடரை முழுமையாக வாசித்து வெளியிட்டனர். ஏறக்குறைய 47 இலட்சம் எழுத்துகள் கொண்ட ஏடு அது. அவ்வேட்டைப் புரட்டும் கணினி, ஒவ்வொரு புரதத்தைப் பற்றியும் மூன்று வினாக்களை எழுப்புகின்றது: இது கிருமியின் மேற்புறத்தில் இருக்கக்கூடியதா? நோய் தரும் வகைகள் அனைத்திலும் உள்ளதா? மனித உடலின் புரதங்களினின்று வேறுபட்டதா? இம்மூன்றிலும் தேறியவையே ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும்.

இது வெறுங் கனவன்று. மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகொக்கஸ் பி வகைக் கிருமியின் ஏட்டிலிருந்து, இத்தாலியில் ரீனோ ரப்புவோலி குழுவினர் 350 புரதங்களைத் தெரிந்து உருவாக்கிப் பரீட்சித்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அத்தேடலின் பயனாகப் பிறந்த தடுப்பூசி 2013இல் ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது.

எலிக்காய்ச்சற் கிருமியிலும் பிரேசில் ஆய்வாளர் இவ்வழியே சென்றனர். அவர்கள் தெரிந்தெடுத்த புரதங்களுள் 16ஐ, நோயுற்றோரின் குருதியிலிருந்த எதிர்ப்பொருள்கள் இனங்கண்டுகொண்டன என 2005இல் அறிவித்தனர். ஆயினும் இனங்காண்பது வேறு. உயிரைக் காப்பது வேறு. கணினி பெண் பார்க்கும் தரகர் போன்றது. பொருத்தத்தைச் சொல்லுமேயன்றி, வாழ்க்கைக்கு உறுதி கூறாது. ஆதலால் எல்லா வேடங்களையும் வெல்லும் ஊசி இன்னும் நம் கைக்கு எட்டவில்லை.

அதுவரை, காலிற் புண்ணோடு சேற்றில் இறங்காதிருத்தலும், ஆபத்து மிகுந்த தொழில் செய்வோர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை நாடி, வாரந்தோறும் உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் மருந்தைப் பெறுதலும், சேற்றிலோ ஓடையிலோ இறங்கியபின் காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று அதனைச் சொல்லுதலும் நம் கடமையாகும்.

மாணவருக்கு மற்றொரு செய்தி. உலகெங்கும் வாசிக்கப்பட்ட கிருமி ஏடுகள் பலவற்றைப் பொதுத் தரவுக் களஞ்சியங்களில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அவற்றைத் திறக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. உயிரியலும் கணிதமும் கற்ற ஊக்கமே வேண்டும். சேற்றில் இறங்கும் தாயின் கால்களை அறிந்த தோட்டத்துப் பிள்ளை ஒன்று நாளை அவ்வேட்டைத் திறக்குமாயின், அத்தேடலுக்கு அதனினும் தகுதியுடையோர் யார்?