ஒரு பன்றிக்குட்டியும் ஒரு தேன் பெட்டியும்



ஏழைக் குடும்பங்களுக்கு உதவ விரும்புகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அரிசியும் பணமும் கொடுத்தால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு பன்றிக்குட்டியோ ஒரு தேனீப் பெட்டியோ வாங்கிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் தன் காலில் நிற்குமல்லவா?" என்கிறார்கள். வேறு சிலரோ, "பன்றி அசுத்தமான மிருகம், அதனால் வலிப்பு நோய் வரும் என்கிறார்களே, அதையா ஏழையின் வீட்டில் கொண்டுபோய்க் கட்டுவது?" என்று தயங்குகிறார்கள்.

இரு சாராரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கள் பதில் இதுதான்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பன்றிக்குட்டியைக் கொடுக்குமுன் அந்த வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். பன்றிக்கும் கழிப்பறைக்கும் என்ன சம்பந்தம் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

குறைந்த நிலத்துக்கு ஏற்ற தொழில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை பக்கங்களில் 20 சென்ட், 30 சென்ட் விளையை வைத்துக்கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நாலு தென்னை, கொஞ்சம் வாழை, ஒரு மூலையில் மரச்சீனி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறார். மழை பிடித்துவிட்டால் வெட்டு கிடையாது. ஆண்டின் தொடக்கத்தில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் காலத்திலும் பால் குறைந்துவிடுகிறது. அந்த நாட்களில்தான் கடைக்காரரிடம் கடன் ஏறுகிறது.

இப்படிப்பட்ட குடும்பத்தால் ஒரு பசுவுக்குப் புல் வளர்க்க முடியாது. ஆனால் பன்றி, வீட்டிலும் கடையிலும் மிஞ்சுவதைத் தின்று வளரும். தேனீயோ பக்கத்துத் தோட்டத்து மரங்களிலிருந்து தன் உணவைத் தானே கொண்டு வந்துவிடும். சொந்த நிலம் குறைவாக இருப்பது இந்த இரண்டுக்கும் தடையல்ல.

மார்த்தாண்டத்துத் தேன்

இந்தப் பகுதியில் தேனீ வளர்ப்புக்கு நூறாண்டு வரலாறு உண்டு. மார்த்தாண்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1920களில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே வை.எம்.சி.ஏ. சார்பில் கிராம முன்னேற்றப் பணியைத் தொடங்கினார். ஏழை விவசாயிகளுக்குக் கோழி வளர்ப்புடன் தேனீ வளர்ப்பும் கற்றுக் கொடுக்கப்பட்டது. மரப் பொந்தில் இருக்கும் கூட்டைத் தீ வைத்துக் கலைத்து, அடையைப் பிழிந்து தேன் எடுத்த வழக்கம் மாறி, பெட்டியில் வைத்து வளர்க்கும் முறை வீடுகளுக்கு வந்தது. தென்னிந்தியத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்திருந்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே அழைக்கப்படுகிறது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இங்கே தேன் பெருகுவதற்கு ரப்பர் மரம் முக்கிய காரணம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல. இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில், சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தளிர் விடும்போது அவற்றில் இனிப்பு நீர் சுரக்கும். பால் வருமானம் குறையும் அதே மாதங்களில் தேன் வருமானம் வருகிறது என்பது ஏழைக்குப் பெரிய ஆறுதல்.

நம் நாட்டு இந்தியத் தேனீயின் பெட்டி ஒன்றில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 10 கிலோ தேன் எதிர்பார்க்கலாம். பெட்டியின் கீழ் அறை புழுக்களும் ராணியும் இருக்கும் வீடு. மேல் அறைதான் தேன் அறை. மேல் அறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, எந்திரத்தில் சுழற்றித் தேனை வடித்துவிட்டு, காலியான அடையைத் திரும்ப வைக்க வேண்டும். மெழுகு மூடி போட்ட அடையிலிருந்து எடுத்தால்தான் தேன் புளிக்காமல் நிற்கும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஜூன் தொடங்கிப் பெய்யும் மழைக்காலத்தில் ஈக்களுக்கு வெளியே உணவு குறைவு. அப்போது சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் கூட்டம் பெட்டியை விட்டுப் போய்விடும். பெட்டி வாங்கியவர்களில் பலர் மறப்பது இதைத்தான்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவவும் கூடாது. பெரியவர்களுக்குத் தீங்கு செய்யாத ஒருவகைக் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். அவை பச்சிளம் குடலில் முளைத்து, நச்சை உண்டாக்கி, குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அடுத்து, ஈ கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். கொட்டிய இடம் வீங்குவது சாதாரணம். ஆனால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர வேண்டும்.

பன்றி வளர்க்கும் முறை

வீட்டில் வளர்க்க ஏற்றது வெள்ளை யார்க்‌ஷயர் இனம். இதை வெண்பன்றி என்கிறோம். பெண் பன்றி 114 நாட்கள் சினை தாங்கும். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஈற்றில் 8 முதல் 10 குட்டிகள் பிழைத்தால் நல்லது. பால் மறந்த இரண்டு மாதக் குட்டியை ஜூனில் வாங்கினால் கிறிஸ்துமஸ் சந்தைக்கு 70 கிலோ அளவில் தயாராகிவிடும்.

பன்றி அசுத்தமான பிராணி என்ற எண்ணம் நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இளைய குமாரன் கதையில் கூட, தாழ்வின் கடைசிப் படியாகக் காட்டப்படுவது பன்றி மேய்க்கும் வேலைதான். ஆனால் பன்றி சேற்றில் புரள்வதற்குக் காரணம் வேறு. அதற்கு நம்மைப்போல் வியர்த்து உடம்பு குளிராது. வெயில் நாட்களில் நிழலும் தண்ணீரும் கிடைத்தால் அது சேற்றைத் தேடாது. கொட்டிலில் போதிய இடம் இருந்தால் படுக்கும் மூலையை அசுத்தப்படுத்தாமல் வேறொரு மூலையில்தான் சாணம் போடும்.

சிமென்ட் தரையில் பிறக்கும் குட்டிகளுக்கு இரும்புச் சத்து ஊசி அவசியம். தாய்ப்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. மண்ணைக் கிளறும் குட்டிக்கு அது மண்ணிலிருந்து கிடைக்கும். சிமென்ட் தரைக் குட்டிக்குக் கிடைக்காது. பிறந்த மூன்று நான்கு நாட்களில் ஊசி போடாவிட்டால் குட்டிகள் வெளிறிச் சாகும். மரச்சீனியைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்தோ காயவைத்தோ கொடுக்க வேண்டும். பச்சைக் கிழங்கில் விஷம் உண்டு. ஹோட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

வலிப்பு வரும் வழி

பன்றி நாடாப்புழு என்ற புழு உண்டு. பெயர் பன்றியினுடையதாக இருந்தாலும், வளர்ந்த புழு வாழும் இடம் மனிதனின் குடல். பல மீட்டர் நீளம் வளர்ந்து, மலத்தோடு ஆயிரக்கணக்கான முட்டைகளை வெளியேற்றும். அப்படிப்பட்டவர் திறந்த வெளியில் மலம் கழித்து, அவிழ்த்து விட்ட பன்றி அதைத் தின்றால், முட்டைகள் பொரிந்து பன்றியின் தசையில் சிறு கொப்புளங்களாகத் தங்கும். அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் தின்றவரின் குடலில் மறுபடியும் நாடாப்புழு வளரும். அதனால் அவருக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் தெரியாது.

பேராபத்து வேறு வழியில் வருகிறது. புழு உள்ளவர் கை கழுவாமல் சமைத்தாலும், மலம் கலந்த தண்ணீரைக் குடித்தாலும், கழுவாத பச்சைக் காய்கறியைத் தின்றாலும், முட்டைகள் நேராக மனிதனின் வயிற்றுக்குள் போகின்றன. அங்கே பொரிந்து, இரத்தத்தில் கலந்து, மூளையில் போய்க் கொப்புளமாக உட்காருகின்றன. பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஒருநாள், பள்ளிக்கூடம் போன பிள்ளை வலிப்பு வந்து விழுகிறது. அந்தப் பிள்ளை பன்றி இறைச்சியைத் தொட்டே இருக்காது. சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இது வருவது இதனால்தான்.

இந்த நோய் பரவியுள்ள பல பகுதிகளில் காக்காய் வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இந்தப் புழுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வலிப்பு வந்த பிள்ளையைப் பேய் பிடித்தது என்று ஒதுக்குகிறார்கள். பெண் பிள்ளையானால் கல்யாணம் நின்றுவிடுகிறது. உண்மையில் இது மருந்துக்குக் கட்டுப்படும் நோய். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன காலம்வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். புழு மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போடக்கூடாது. கொப்புளம் சாகும்போது மூளையில் வீக்கம் ஏற்படும் என்பதால், எப்போது கொடுப்பது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இந்தச் சங்கிலி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பன்றி நமக்கு நோயைத் தருவதற்கு முன் நாம்தான் பன்றிக்கு அதைத் தருகிறோம். வீட்டில் கழிப்பறை இருந்து, எல்லாரும் அதைப் பயன்படுத்தி, பன்றியும் கொட்டிலுக்குள் அடைபட்டிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், இறைச்சியை நன்றாக வேகவைப்பதும் கூடுதல் காவல்.

கொட்டில் வீட்டை ஒட்டி இருக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் உடலில் பெருகி, கொசுவின் மூலம் மனிதனுக்கு வருகிறது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில்தான். ஆகவே கொட்டில் வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்கட்டும். சுற்றிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். தடுப்பூசி போடப்படும் மாவட்டங்களில் பிள்ளைகளுக்குத் தவறாமல் போட்டுவிடுங்கள். தேன் பெட்டியும் கொட்டிலுக்கு எட்டவே இருக்கட்டும். துர்நாற்றம் ஈக்களுக்குப் பிடிக்காது.

ஒரே பருவத்தில் போய்விடலாம்

இந்தத் தொழில்களில் நட்டமே வராது என்று நாங்கள் சொல்லமாட்டோம். 1991-92இல் தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் பைபோல உப்பிச் செத்தன. குமரியிலும் கேரளத்திலும் பெட்டிகள் வரிசை வரிசையாகக் காலியாயின. எஞ்சிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து மறுபடி பெருக்கப் பல ஆண்டுகள் ஆயிற்று. பன்றிக்கோ, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் வடகிழக்கு மாநிலங்களிலும், 2022இல் பக்கத்துக் கேரளத்தின் வயநாட்டிலும் வந்தது. மனிதனுக்கு அது தொற்றாது. ஆனால் பிடித்த பன்றி பெரும்பாலும் பிழைப்பதில்லை. குணமாக்கும் மருந்தும் இல்லை. நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை அரசே அழித்துவிடுகிறது. கொதிக்க வைக்காத ஹோட்டல் மிச்சம் இந்த நோய் பரவும் வழிகளில் ஒன்று.

ஆகவே கடன் வாங்கி 20 பன்றி, 50 பெட்டி என்று தொடங்கும்படி எந்த ஏழையையும் தூண்டாதீர்கள். இரண்டு குட்டியும் நாலு பெட்டியும் போதும். ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும்.

கொடுக்க விரும்பும் நண்பர்களுக்கு

தேன் பெட்டி கொடுப்பதானால் ஈயோடு சேர்ந்த பெட்டியாகக் கொடுங்கள். அதைவிட முக்கியம், அனுபவமுள்ள அண்டைவீட்டார் ஒருவரிடம் அவர்களை ஒரு பருவம் கற்றுக்கொள்ள விடுங்கள். முதல் மழைக்காலத்துச் சர்க்கரைக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

பன்றிக்குட்டி கொடுப்பதானால், முதலில் அந்த வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். கொட்டிலுக்குச் சுவர் உண்டா? தண்ணீர் பக்கத்தில் கிடைக்குமா? ஊசி போட கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? இவற்றைக் கேட்டுவிட்டு, வீட்டின் பின்புறம் போய்க் கழிப்பறையைப் பாருங்கள். இருந்தும் விறகு அடுக்கி வைத்திருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

கழிப்பறை இல்லையென்றால் குட்டியை மறுத்துவிட வேண்டாம். இந்த ஆண்டு உங்கள் காணிக்கையில் கழிப்பறைக்குக் குழியும் சுவரும் எழும்பட்டும். குட்டி அடுத்த ஜூனில் வரட்டும். ஓராண்டு தாமதித்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் சந்தை நட்டமாகும். அவசரப்பட்டால் அந்த வீட்டுப் பிள்ளையை வலிப்போடு தூக்கி வர வேண்டியிருக்கும். எது பெரிய நட்டம் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.